உக்ரைனுக்கு ஆலோசகர் தேடுகிறவர்களுக்கு

உக்ரைனின் மின்கட்டமைப்பைச் சீரமைக்கப் பொறியியல் ஆலோசகரை அமர்த்தும் வெளிநாட்டு அமைப்புகள், பெரிய பெயரைப் பார்க்காமல் அந்தக் கட்டமைப்பை உள்ளும் புறமும் அறிந்த உள்ளூர்ப் பொறியாளரைத் தேட வேண்டும். 2022 அக்டோபர் முதல் ரஷ்ய ஏவுகணைகள் குறிவைத்தவற்றில் துணை மின்நிலையங்களின் ராட்சத மின்மாற்றிகள் முக்கியமானவை. அங்கே முதுகெலும்பாக இருப்பவை சோவியத் காலத்து 750, 330 கிலோவோல்ட் பாதைகள். மேற்கு ஐரோப்பாவிலோ பெரும்பாலும் 400, 220. ஜெர்மனியில் உபரியாக நிற்கும் மின்மாற்றியைக் கொண்டுபோய் அப்படியே மாட்டிவிட முடியாது. புதிதாகச் செய்ய ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும், அதுவரை ஆஸ்பத்திரிகள் ஜெனரேட்டரை நம்பிக் கிடக்க வேண்டும். அதே சோவியத் கட்டமைப்பிலிருந்து வந்த லிதுவேனியாவால்தான் சுமார் 200 டன் எடையுள்ள 330 கிலோவோல்ட் மின்மாற்றியை எடுத்துக் கொடுக்க முடிந்தது.

உள்ளூர்க்காரர் கையில் விட்டால் ஊழல் நடக்கும் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் ஈராக்கின் பல்லூஜாவில் அமெரிக்கா 2004-இல் தொடங்கிய கழிவுநீர்த் திட்டம் வெளியார் பொறுப்பில்தான் நடந்தது. 3.25 கோடி டாலரில் தொடங்கி, 10 கோடி அளவுக்குப் போனது. குழாய் பதித்தார்கள், வீடுகளுக்கு இணைப்பு கொடுக்க முதலில் நிதி ஒதுக்கவில்லை. அமெரிக்கத் தணிக்கை அமைப்பே சொன்னது இது. கணக்கை வெளியார் தணிக்கை செய்யட்டும், தாராளமாக. எந்தக் கருவியை வாங்குவது என்ற கோப்பு மட்டும் உள்ளூர்ப் பொறியாளரின் கையெழுத்தில்லாமல் நகரக் கூடாது.