பகிடியும் வதையும்

தமிழகத்தில் 'ராகிங்' என்று ஆங்கிலச் சொல்லாலேயே பெரிதும் வழங்கப்படும் கொடுமைக்கு, இலங்கைத் தமிழ் 'பகிடிவதை' என்றொரு தனிச்சொல்லை ஆக்கிக்கொண்டுள்ளது. நகைப்பையும் துன்பத்தையும் ஒருங்கே பிணைத்த சொல் அது. எனினும், வதையைப் பற்றிப் பேசப்படும் அளவுக்குப் பகிடியைப் பற்றிப் பேசப்படுவதில்லை. வதை பல்கலைக்கழகத்தில் நிகழ்கின்றது; பகிடியோ அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே பாடசாலையில் பயிலப்பட்டுவிடுகின்றது.

அம்பாறை மாவட்டத்தின் இறக்காமப் பிரதேசத்திலுள்ள வரிப்பத்தான்சேனையை எடுத்துக்கொள்ளலாம். வயலை நம்பி வாழும் முஸ்லிம் ஊர் அது. அத்தகைய ஊர்களில் மூத்த ஆண்பிள்ளை எவனாயினும் இளையோருக்குக் 'காக்கா'. மூத்த பெண்பிள்ளை 'தாத்தா'. இளம்பெண்ணொருத்தி தாத்தா என்று விளிக்கப்படுவது கேட்டு வெளியூர்த் தமிழர் திகைப்பதுமுண்டு. முதியோர் பிறர் பிள்ளையையும் 'மனே' என்பர். மகனே என்பதன் மரூஉ. இவ்விளிகள் வெறும் மரியாதைச் சொற்களல்ல. காக்கா என்று அழைக்கப்பட்டவன் அழைத்தவனுக்குக் கடன்பட்டவனாகின்றான். குளத்தில் ஆழம் பார்த்துச் சொல்பவனும், சந்தியில் சண்டை மூண்டால் விலக்கிவிடுபவனும், மழைக்காலத்தில் வட்டைப் பாதையில் சின்னவனைச் சைக்கிளில் ஏற்றி வருபவனும் அவனே.

அதே பிள்ளைகள் பாடசாலை வாயிலைக் கடந்ததும் விளிகள் மாறிவிடுகின்றன. திக்கிப் பேசுபவனுக்கு ஒரு பட்டம். காது மந்தமானவனுக்கு ஒரு பட்டம். தந்தையின் தொழிலைச் சொல்லி இன்னொருவனுக்கு. தரம் 6இல் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் சாதாரணதரப் பரீட்சை வரை உரிந்து போவதில்லை. பிழையாகக் கணக்குச் செய்தவனை ஆசிரியரும் ஒருநாள் அப்பட்டத்தாலேயே அழைத்துவிடுவாராயின், வகுப்பு சிரிக்கும். அன்றுமுதல் அது பதிவேட்டில் ஏறிய பெயர் போலாகிவிடும். இழிபெயர் சூட்டி அழைத்தலை ஸூறத்துல் ஹுஜுராத் விலக்கியிருப்பதை இஸ்லாம் பாடத்தில் எழுதிப் புள்ளி பெற்ற மாணவனே அடுத்த பாடவேளையில் அதைச் செய்கின்றான். பாடம் அவனுக்குத் தெரியாததன்று. பாடசாலை அதன்படி நடக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

பிரம்பும் இதனோடு தொடர்புடையதே. உடற்றண்டனையை விலக்கிக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டே சுற்றறிக்கை விடுத்தது. ஆயினும், ஆசிரியரின் அறையினால் செவிப்புலனை இழந்த மாணவனொருவனுக்கு நட்டஈடு வழங்குமாறு 2021இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட நேர்ந்தது. வலியவன் கை நீட்டலாம் என்பதைப் பெரியோர் செய்துகாட்டும் இடத்தில், மாணவத் தலைவன் அதைக் கற்றுக்கொள்ளாதிருப்பான் என எதிர்பார்ப்பது பேதைமை.

அப்பயிற்சியின் அறுவடை எத்தகையது என்பதைப் பல்கலைக்கழக வரலாறு அறியும். 1975இல் பேராதனையில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து நடக்கவியலாதவரானார். 1997இல் அங்கேயே பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் உயிரிழந்தார். அதே ஆண்டில், வரிப்பத்தான்சேனைக்கு அயலிலுள்ள அம்பாறை நகரின் ஹார்டி தொழினுட்ப நிறுவனத்திலும் புதுமுக மாணவர் ஒருவர், கடும் உடற்பயிற்சியும் மதுவும் வலிந்து திணிக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். மறு ஆண்டு 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. பகிடிவதை புரிவோருக்கு ஈராண்டு வரை கடூழியச் சிறை, பாரிய காயம் விளைவிப்போருக்குப் பத்தாண்டு வரை. சட்டம் வந்து நான்காண்டுகள் சென்றபின், 2002இல், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதையை எதிர்த்த சமந்த விதானகே என்ற மாணவர் தாக்கிக் கொல்லப்பட்டார். சட்டம் வேண்டாமென்பது இதன் பொருளன்று. குற்றம் நிகழ்ந்தபின் வருவதே சட்டத்தின் இயல்பு.

1982இன் இறுதியில் நோர்வேயில் சிறுவர் மூவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். சகமாணவரின் கொடுமையே அதற்குக் காரணமெனக் கருதப்பட்டது. மறு ஆண்டு நாடு தழுவிய இயக்கமொன்று தொடங்கியது. உளவியலாளர் டான் ஒல்வேயஸ் பேர்கன் நகரில் ஏறத்தாழ 2,500 மாணவரை ஆராய்ந்து, துன்புறுத்துவோனையும் துன்புறுவோனையும் மட்டுமன்றி, பார்த்து நிற்போரையும் நோக்கினார். இடைவேளையில் ஆசிரியர் முற்றத்தில் நிற்பது, வகுப்பு கூடி விதிகளைத் தானே பேசித் தீர்மானிப்பது, பெற்றோரை அழைப்பது என்பனவே அவர் வகுத்த வழிகள். பெருஞ்செலவு எதுவுமில்லை. கொடுமை கணிசமாகக் குறைந்தது.

வரிப்பத்தான்சேனை போன்ற ஊருக்கு நோர்வேயிலிருந்து எல்லாவற்றையும் தருவிக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயடியிலும் கழிவறைப் பக்கத்திலும் வீடு திரும்பும் வழியிலுமே சிறுவர் துன்புறுகின்றனர். அங்கே ஓர் ஆசிரியரின் கண் இருந்தால் பாதி அடங்கும். உயர்தர மாணவர் ஒவ்வொருவரிடமும் தரம் 6 பிள்ளைகள் இருவரை ஒப்படைத்து, அவர்களின் நலனுக்கு அவரே பொறுப்பு என்று அதிபர் சொல்வாராயின், தெருவிலிருக்கும் காக்கா பாடசாலைக்குள்ளும் வந்துவிடுவான். 'ஆம்புளப் புள்ள, இதெல்லாம் தாங்கிக்கணும்' என்று முறையிட வந்த மகனை வாப்பா திருப்பியனுப்பும் வழக்கமே இதில் மாற்றக் கடினமானது. பெற்றோர் கூட்டங்களில் சுற்றுமதிலும் கூரையும் பேசப்படுகின்றனவேயன்றி இது பேசப்படுவதில்லை.

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த வீட்டில் உம்மா கேட்கும் முதற்கேள்வி, 'அங்க நம்மட ஊர்க் காக்காமார் ஆரும் இரிக்காங்களா மனே?' என்பதே. ஒலுவிலோ பேராதனையோ, புதியவரைப் பிடிப்போர் பெரும்பாலும் அவர் மொழி பேசுவோரே; சிலவேளை அவர் ஊராரே. மகனுக்கு அது தெரியும். இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் பெட்டியைக் கட்டுகின்றான்.