டால்ஃபினுக்கு நாலு படம்

இரவு ஒன்பது மணி வாக்கில் பாலினீசியன் ஓட்டல் கரை. கால் மணி நேரம் கழித்து கிராண்ட் ஃபுளோரிடியன். அப்புறம் வில்டர்னஸ் லாட்ஜ், அதை அடுத்து ஃபோர்ட் வில்டர்னஸ் முகாம், கடைசியாகக் கன்டெம்பரரி. ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இரவுதோறும் இந்த வரிசையில் ஓர் ஊர்வலம் ஏரி வழியே போகிறது. எலக்ட்ரிகல் வாட்டர் பேஜன்ட் என்று பெயர். 14 மிதவைகள், ஏழு ஏழாக இரண்டு சரம். ஒவ்வொன்றின் மேலும் 25 அடி உயரத்துக்கு விளக்குச் சட்டம். பூங்கா திறந்த 1971 அக்டோபரிலேயே தொடங்கி, அரை நூற்றாண்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. கரையில் உட்கார்ந்திருந்தால் போதும், அதுவே வந்து காட்டிவிட்டுப் போகும். இடி மின்னல் என்றால் மட்டும் வராது.

உலகத்திலேயே அதிகம் பேர் வந்துபோகும் கேளிக்கை ஊர்களில் ஒன்றில், இவ்வளவு எளிமையான ஒரு காட்சி இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

அங்கே பகல் என்பது முழுக்கத் திட்டம். எந்தச் சவாரிக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கைப்பேசி சொல்லிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு மேசைக்கு முன்பதிவு, சவாரிக்கு முன்பதிவு, வெயில், நடை, மறுபடியும் நடை. மாலை ஆனதும் பிள்ளைகளின் கண் செருகத் தொடங்கும். பெரியவர்களின் கணுக்கால் வீங்கியிருக்கும். அந்த நேரத்துக்கு என்ன வேண்டும் என்பதை அந்த ஊரை அமைத்தவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். மேஜிக் கிங்டம் கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை உண்டு. கூட்டத்தில் நிற்க முடியாதவர்கள் பாலினீசியன் கரை மணலில் உட்கார்ந்து, தண்ணீருக்கு அப்பால் அதையே பார்க்கலாம். ஃபோர்ட் வில்டர்னஸின் பயனியர் ஹாலில் 1974 முதல் ஹூப்-டி-டூ என்ற பாட்டும் கூத்தும் நடக்கிறது. வாளி வாளியாகப் பொரித்த கோழி வரும், மேடையில் இருப்பவர்கள் மேசைக்கே இறங்கி வந்து வம்பிழுப்பார்கள். விலங்குகள் பிடிக்கும் என்றால் 2001இல் திறந்த அனிமல் கிங்டம் லாட்ஜ் இருக்கிறது. அதன் புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி இருட்டில் நிற்பதை, இரவிலும் பார்க்க உதவும் கண்ணாடி வழியாகக் காட்டுவார்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் மோனோரயிலில் ஏறிச் சும்மா ஒரு சுற்று வரலாம். அது கன்டெம்பரரி ஓட்டலின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து வெளியே வருகிறது.

நாங்கள் தங்கியது ஃபோர்ட் வில்டர்னஸில், மரக் குடில் ஒன்றில். அங்கே அந்தி சாய்ந்ததும் தீ மூட்டுவார்கள். குச்சியில் மார்ஷ்மெல்லோவைக் குத்தி வாட்டித் தின்னலாம், சிப், டேல் என்ற அந்த இரண்டு அணில்களோடு சேர்ந்து பாடலாம், பிறகு திறந்தவெளியில் படம் போடுவார்கள். அதை முடித்துக்கொண்டு பே லேக் கரைக்கு நடந்தோம். தவளைச் சத்தமும் எதிர்க்கரையின் இருட்டும் தவிர அங்கே எதுவும் இல்லை. கரையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு எதற்காக நிற்கிறோம் என்றே தெரியாது. நாலு பேர் நிற்கிறார்களே என்று நின்றவர்கள்.

முதலில் பாட்டு வந்தது. சிந்தசைஸரில் வாசித்த, கொஞ்சம் தகரச் சத்தம் கலந்த பாட்டு. அதன்பின் மரங்களின் ஓரமாக விளக்குகள். படகு கண்ணுக்குத் தெரியாது, ஆள் தெரியாது, சட்டமும் தெரியாது. இருட்டில் விளக்குப் புள்ளிகள் மட்டும். கடல் பாம்பு ஒன்று நெளிந்து போனது. திமிங்கலம் தலையிலிருந்து நீரைப் பீய்ச்சியது. ஆமை, எட்டுக்கால் ஆக்டோபஸ், திரிசூலத்தோடு கடலரசன் நெப்டியூன். டால்ஃபின்கள் தண்ணீரிலிருந்து துள்ளி வளைந்து மறுபடி தண்ணீருக்குள் போயின. ஒவ்வோர் உருவத்துக்குக் கீழும் அதன் பிம்பம் ஏரியில் தலைகீழாக நடுங்கியது. முடிவில் விளக்குகள் எல்லாம் நட்சத்திரமாகவும் அமெரிக்கக் கொடியாகவும் மாற, தேசபக்திப் பாட்டு ஒலித்தது.

"தாத்தா, டால்ஃபின் எப்படிக் குதிக்குது?" என்று பேரன் கேட்டான்.

எனக்குப் பதில் தெரியும். பேரன் வயதிலேயே தெரியும்.

என் சித்தப்பா ஒருவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழா எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கியும் டியூப் லைட்டும் சீரியல் செட்டும் அவருடையவை. கோயில் முகப்பில் சவுக்குக் கம்பும் மூங்கிலும் கட்டி, அதன்மேல் ஓர் ஆள் உயரத்தைப் போல மூன்று நாலு மடங்குக்கு முருகனை நிறுத்துவார். மயில் தோகை விரிக்கும், வேலிலிருந்து ஒளி பாயும். சனம் அண்ணாந்து முருகனைப் பார்க்கும். நான் மட்டும் தட்டியின் பின்பக்கம் போய்விடுவேன். ஏனென்றால் உயிர் அங்கேதான் இருந்தது.

பின்பக்கம் ஒரு மரப்பெட்டி. அதற்குள் சின்ன மோட்டார் சுழற்றும் மர உருளை. உருளையின் மேல் தாமிரத் தகடுகளை நீளமும் குட்டையுமாக வெட்டி, ஆணி அடித்து ஒட்டியிருப்பார் சித்தப்பா. மேலேயிருந்து வரிசையாகப் பித்தளை நாக்குகள் அந்த உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாக்குக்குக் கீழே தகடு வந்தால் விளக்கு எரியும், மரம் வந்தால் அணையும். தொடும்போதும் விடும்போதும் நீலப் பொறி பறக்கும். டக், டக், டக் என்று ஒரு சத்தம். காய்ந்த தாமிரத்தின் வாசனை. முதல் நாக்கு, மடங்கிய தோகை. இரண்டாவது, பாதி விரிந்தது. மூன்றாவது, முழுக்க விரிந்தது. தட்டியில் மூன்று மயில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் எரியும். அவ்வளவுதான் தோகை விரிவதன் ரகசியம்.

சரம் கட்டுகிற கணக்கையும் அவரே சொல்லிக் கொடுத்தார். "பல்பு ஆறு வோல்ட்டுடா. கரண்டு இருநூத்தி முப்பது. நாப்பது பல்பைக் கோத்தா எல்லாத்துக்கும் பங்கு சரியாப் போயிரும்." அதில் ஒன்று போனால் நாற்பதும் அணையும். மயிலின் கழுத்து இருண்டுவிட்டால் ஏணியில் ஏறி, எந்தப் பல்பு போனது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கீழே நின்று டார்ச் அடிப்பது என் வேலை. கழுத்து மறுபடி எரிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு சின்ன ஆரவாரம் வரும். அது முருகனுக்கு. எனக்கென்னவோ சித்தப்பாவுக்கும் சேர்த்து என்றுதான் படும்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "சித்தப்பா, பாதித் தோகைக்கும் முழுத் தோகைக்கும் நடுவுல ஒண்ணும் இல்லையே, அப்புறம் எப்படி விரியுற மாதிரி தெரியுது?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "நடுவுல இருக்கிறதை நீதான்டா போடுறே" என்றார்.

பே லேக் கரையில் பேரனுக்கும் அதையேதான் சொன்னேன். தண்ணீருக்குள் இருக்கும் டால்ஃபின் ஒன்று, மேலே எழும்பியது ஒன்று, வளைந்தது ஒன்று, தலைகுப்புறப் போவது ஒன்று. என் கண்ணுக்கு நாலே நாலு படம்தான். ஒன்று அணைய அடுத்தது எரிகிறது. இடையில் இருக்கும் துள்ளலை அவன் கண்தான் வரைகிறது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோன்றியது, இது டிஸ்னி என்ற பெயருக்கு எவ்வளவு பொருத்தம் என்று. அந்த நிறுவனமே அசையாத படங்களை அடுக்கி அசைவை உண்டாக்கிப் பிழைத்தது. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரு மான்குட்டி தடுமாறி எழுந்து நிற்பதற்குள் எத்தனையோ தாள்களில் எத்தனையோ பேர் கை வலிக்க வரைந்திருப்பார்கள். இந்த ஏரியில் போவதும் அதே கலைதான், குறைந்தபட்ச அளவில். அந்தக் கலையை ஏறக்குறைய அதன் எலும்பு வரைக்கும் சுருக்கி, மிதவையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

ஏற்றி அனுப்பியவர் பாப் ஜானி. அப்போது டிஸ்னியின் கலைநிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். தண்ணீரில் பார்த்த விளக்குகளின் வெற்றிதான் அடுத்த ஆண்டு, 1972 ஜூனில், கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தில் தரையில் ஓடும் மின்விளக்கு ஊர்வலமாக ஆனது. பெரிய பெயர் வாங்கியது அந்தத் தம்பிதான். எத்தனையோ பேர் அதன் பாட்டை இன்றைக்கும் முணுமுணுப்பார்கள். ஃபுளோரிடாவுக்கும் அது வந்தது, போனது, திரும்ப வந்தது, 2016இல் மறுபடி விடைபெற்றது. அண்ணன் மட்டும் தன் ஏரியை விட்டு எங்கேயும் போகவில்லை.

அந்த ஏரிகளும் சும்மா வந்தவை அல்ல. பே லேக் இயற்கை ஏரி. கட்டுமானத்தின்போது அதை வடித்துத் தூர் வாரியபோது அடியில் வெள்ளை மணல் கிடைத்தது. கரைகளில் நாம் உட்காரும் மணல் அதுதான். அதை அடுத்த செவன் சீஸ் லகூன் வெட்டிய ஏரி. வெட்டிய மண்ணைக் கொண்டுபோய்த்தான் மேஜிக் கிங்டம் இருக்கும் இடத்தை மேடாக்கினார்கள். ஊழியர்கள் போய்வரும் சுரங்க வழிகள் அந்த மண்ணுக்குள் இருக்கின்றன. ஆக, அங்கே வருகிறவர்கள் நடப்பது முதல் மாடியில். இரண்டு ஏரிகளையும் இணைக்கும் கால்வாய் ஓரிடத்தில் சாலைக்கு மேலே பாலமாகப் போகிறது. கார்கள் கீழே, படகுகள் மேலே. இருட்டில் காரோட்டிக்கொண்டு போகிற யாரோ ஒருவரின் தலைக்கு மேலே ஒரு கடல் பாம்பு நெளிந்துகொண்டு கடந்து போகும், அவருக்குத் தெரியாமலே. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

மாலை வெளிச்சத்துக்காக மக்களைக் கூட்டும் பூங்கா என்றால் என் மனம் கோபன்ஹேகனின் டிவோலிக்கும் போய்விடும். 1843 ஆகஸ்டில் கியோர்க் கார்ஸ்டென்சன் திறந்தது. வால்ட் டிஸ்னி அதை 1951இல் போய்ப் பார்த்தார். தன் முதல் பூங்காவைத் திறக்க அவருக்கு இன்னும் நாலு ஆண்டு இருந்தது. திறந்த 1843ஆம் ஆண்டிலேயே டிவோலிக்கு வந்துபோனவர்களில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனும் ஒருவர். அதே இலையுதிர்காலத்தில்தான் அவர் குயிலினும் இனிதாகப் பாடும் ஒரு பறவையைப் பற்றிய சீனக் கதையை எழுதினார். காட்டில் பாடும் உயிருள்ள நைட்டிங்கேல், அரண்மனைக்கு வந்த சாவி கொடுக்கும் பொம்மைப் பறவை. பொம்மை எப்போதும் ஒரே பாட்டைப் பாடும். ஒருநாள் உள்ளே ஏதோ அறுந்து நின்றும் போகும். மரணப்படுக்கையில் இருக்கும் சக்கரவர்த்தியைக் காப்பாற்றுவது உயிருள்ள பறவை.

அந்தக் கதையை ரொம்பவும் நேசிப்பவன் நான். ஆனாலும் பொம்மைப் பறவைக்காக எனக்குள் ஒரு வழக்கறிஞர் எப்போதும் எழுந்து நிற்பார். அரண்மனைக்காரர்கள் அதை உயிருள்ள பறவையைவிட மேல் என்று சொன்னதுதான் குற்றம்; பறவையின் மேல் குற்றமில்லை. சித்தப்பாவின் மயில் தன்னை மயில் என்று யாரையும் நம்பவைக்க முயன்றதில்லை. பல்பும் கம்பும் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தன. தெரிந்தும் சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஏரியின் டால்ஃபினும் அப்படித்தான். விளக்கு என்று தெரிகிறது, தெரிந்தே மனம் துள்ளுகிறது.

இன்றைக்குக் கட்டடத்தின்மேல் படம் வீழ்த்திக் கல்லை உருக வைக்கிறார்கள். ட்ரோன்களைக் கூட்டமாகப் பறக்கவிட்டு வானத்தில் பறவை வரைகிறார்கள். அழகுதான், நானும் வாய் பிளந்து பார்க்கிறேன். அவை எல்லாவற்றையும் தாமே செய்துவிடுகின்றன. பார்க்கிறவருக்கு வியப்பதைத் தவிர வேலை எதையும் மிச்சம் வைப்பதில்லை. பகல் முழுக்கச் சவாரிகள் நம்மை இழுத்தும் தூக்கியும் சுழற்றியும் விட்ட பிறகு, இரவிலும் இன்னொன்று வந்து தூக்க வேண்டுமா? களைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டும். பகலெல்லாம் சும்மா இருந்த மனதுக்கோ கொஞ்சம் வேலை வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கொடுப்பதால்தான் இந்த ஊர்வலம் இத்தனை காலம் நிலைத்தது என்பது என் முடிவு.

அதனால் அங்கே போகிற குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓர் இரவை எந்த முன்பதிவும் இல்லாமல் விடுங்கள். அன்றைக்கு ஊர்வலம் எத்தனை மணிக்கு என்று ஓட்டல் முகப்பில் கேட்டுக்கொண்டு, கரையில் போய் உட்காருங்கள். எப்படிக் குதிக்கிறது என்று பிள்ளை கேட்டால், இரண்டு படங்களுக்கு நடுவில் என்ன தெரிகிறது என்று திருப்பிக் கேளுங்கள். பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். அந்த மிதவைகளைப் பராமரிக்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பழுதான விளக்கை மாற்றுங்கள், துருப்பிடித்த சட்டத்துக்கு வர்ணம் அடியுங்கள். படத்தை மட்டும் கூட்டாதீர்கள். டால்ஃபினுக்கு நாலு போதும்.