கால் பாத்திரம் காலியாக

போன மாதம் என் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மாவு அரைக்கும் பொறுப்பு என் தலையில். கிரைண்டரிலிருந்து வழித்து, எவர்சில்வர் தூக்கில் கழுத்துவரை ஊற்றி, மூடியை அழுத்தி மூடினேன். காட்டுப்பாக்கத்து மே மாத வெக்கையைச் சொல்ல வேண்டுமா? விடிந்து பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் மாவு.

போனில் சொன்னதும் சிரித்தாள். "கல்பாக்கத்துல இத்தனை வருஷம் அதைத்தானே பார்த்தீங்க? கால் பாத்திரம் காலியா விடணும்னு தெரியாதா?"

அவள் சொன்னது சரிதான். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1985 அக்டோபர் 18 அன்று முதல் தொடர்வினையை எட்டியது வேக ஈனுலைச் சோதனை உலை. அதன் எரிபொருள் கார்பைடு. பின்னாளில் உலோக எரிபொருள் குச்சிகளையும் அதில் வைத்துச் சோதித்தார்கள்.

அணு பிளக்கும்போது செனான், கிரிப்டான் வாயுக்களும் பிறக்கின்றன. ஏறக்குறைய நான்கு பிளவுக்கு ஒரு வாயு அணு. இவை உலோகத்தில் கரைவதில்லை. உள்ளுக்குள்ளேயே கூடிக் குமிழாகின்றன. உலோகம் உப்புகிறது.

அமெரிக்காவின் ஐடஹோவில் 1964 முதல் 1994 வரை ஓடிய ஈ.பி.ஆர்-2 உலையில், ஆரம்பகாலக் குச்சிகளில் உப்புவதற்குப் போதிய இடம் விடவில்லை. எரிபொருள் உறையை நெருக்க, அவை நீடிக்கவில்லை. பிறகு உறைக்குள் முக்கால் பங்கு மட்டுமே உலோகம் வைத்தார்கள். மீதி இடைவெளியில் சோடியம். உலோகம் சுமார் 30 சதவீதம் உப்பியதும் குமிழ்கள் ஒன்றோடொன்று இணைந்து வழி திறந்துவிடும். வாயு மேலே உள்ள காலி இடத்துக்குப் போய்விடும். அந்தக் குச்சிகள் பல மடங்கு உழைத்தன. உப்புவதைத் தடுக்கவில்லை, இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் அறிந்த நான், என் மகனுக்கு இடம் கொடுக்கவில்லை. பள்ளி, டியூஷன், மாதிரித் தேர்வு என்று அவன் நாளைக் கழுத்துவரை நிரப்பினேன். என்ன படிக்க வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்தேன். வேலை கிடைத்த கையோடு வெளியூர் போனவன், ஓராண்டு என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுவான். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது பேசுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை, "லீவுல பையனை எந்த கிளாஸ்ல சேர்க்கலாம்ப்பா?" என்று கேட்டான்.

"எதுவும் வேண்டாம்ப்பா. கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்" என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரிப்பா" என்றான்.