ஈஸ்டர் லீவுக்கு எங்க போறது?

1/ புனித வெள்ளி, சனி, ஞாயிறு. அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைக்கிறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. பொங்கலுக்கு கேஷுவாலிட்டி டூட்டி நான் பார்த்தேன். 2025 ஈஸ்டருக்கு என் டூட்டியை சக டாக்டர் ஒருத்தர் எடுத்துக்கிட்டார். எழுதாத ஒப்பந்தம். லீவு ரெடி, எங்க போறது?

2/ ஈஸ்டர் தேதி மாறிக்கிட்டே இருக்குமேன்னு சிலர் கேப்பீங்க. மார்ச் 21 அல்லது அதுக்கு அப்புறம் வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனாலதான் பல வருஷம் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வரும். 2025ல உத்திரம் ஏப்ரல் 11, ஈஸ்டர் ஏப்ரல் 20. பக்கத்து வீட்டுக்காரங்க குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போயிட்டு வந்து பையை இறக்கி வைக்க, நாங்க பையை எடுக்குற நேரம். கரிசக்காட்டு வெயிலும் ஏறுற நேரம்.

3/ பிள்ளைங்களுக்கு கொடைக்கானல். 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கணும், அது பெரிய வேலை இல்ல; லீவு நாள்ல மலைப்பாதை நெரிசல்தான் யோசனை. மனைவிக்கு மணப்பாடு: கடலோர மணற்குன்று மேல திருச்சிலுவை ஆலயம், சவேரியார் 1542ல வந்த கரை. இங்கிலாந்துல வேலை பார்க்குற கூடப் படிச்சவன், "எங்களுக்கு திங்கக்கிழமையும் லீவுடா, ஒரு ஈஸ்டருக்காவது ரோமுக்கு வா"ன்னான். டிக்கெட் விலையைப் பார்த்துட்டு போனை வச்சிட்டேன்.

4/ அம்மாவுக்கு 68 வயசு. சுகர் உண்டு, ஸ்டென்ட் வச்சிருக்கு, காலையில நீர் மாத்திரை. "எங்கம்மா போகலாம்?"னு கேட்டா ஒரே பதில்தான்: "உனக்கு எங்க தோதுப்படுதோ அங்க போவோம்யா."

5/ மனைவிகிட்ட மட்டும் ராத்திரி சொல்லியிருக்காங்க: "தூரப் பயணம்னா தண்ணி குடிக்கவே பயமாயிருக்கு தாயி. வழியில எங்க இறங்க?" டாக்டரா இருந்தா என்ன, மகன்கிட்ட சொல்லக் கூச்சம்.

6/ இது எங்க அம்மா கதை மட்டும் இல்ல. ஏப்ரல், மே மாசம் ஓபியில வர்ற எத்தனையோ அம்மாக்கள், கோயிலுக்கோ வேளாங்கண்ணிக்கோ போயிட்டு, நீர்க்கடுப்பு, கிறுகிறுப்புன்னு வந்து நிப்பாங்க. கேட்டா, "பஸ்ல போகும்போது தண்ணி குடிக்கல, மாத்திரையும் போடல."

7/ நீர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. ஃப்ரூஸ்மைடு போட்ட ஒரு மணி நேரத்துல வேலையை ஆரம்பிச்சு ஆறு மணி நேரம் போல இருக்கும். பயண நாள்ல நேரத்தை மாத்தலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னும் கேளுங்க. இதய நோயாளிக்கு அளவு இருக்கும்.

8/ புனித வெள்ளி ஒருசந்தி. கத்தோலிக்கத் திருச்சபை சட்டப்படி ஒருசந்தி கடமை 18 வயசு முடிஞ்சதுல இருந்து 59 முடியுற வரைக்கும்தான். நோயாளிக்கு விலக்கு உண்டு. கிளிமிபிரைடு போட்டுட்டோ இன்சுலின் குத்திட்டோ சாப்பிடாம இருந்தா சுகர் இறங்கும். வேர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தா உடனே சர்க்கரைத் தண்ணி. நினைவில்லாதவங்க வாயில எதுவும் ஊத்தாம தூக்கிட்டு வாங்க. இன்சுலினை கார் டேஷ்போர்டுல வைக்காதீங்க.

9/ முடிவா காமநாயக்கன்பட்டி. அம்மா பிறந்த ஊர், கோவில்பட்டிக்குப் பக்கம், பரலோக மாதா கோயில். 1680ல இத்தாலியில பிறந்த வீரமாமுனிவர் 1710கள்ல இங்க இருந்து வேலை செஞ்சிருக்கார். எ-ஏ, ஒ-ஓ வித்தியாசம் தெரியுற மாதிரி எழுத்தைத் திருத்தினவர். ரோம் போக முடியலைன்னு ஏங்குறவனுக்கு, அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தர் தேடி வந்த ஊரே பக்கத்துல இருக்கு.

10/ பிள்ளைங்க ஒரு நாள் முகத்தைத் தூக்கி வச்சிருந்தாங்க. அப்புறம் அத்தை வீட்டுப் பசங்களோட ஓடிட்டாங்க. அம்மா சித்தி வீட்டுத் திண்ணையில உக்காந்து, சொம்புத் தண்ணியை பயமில்லாம குடிச்சாங்க. பாத்ரூம் பத்தடியில.

11/ சனி ராத்திரி பாஸ்கா திருவிழிப்பு. வெளியில புதுத் தீ மூட்டி, அதுல இருந்து பெரிய மெழுகுதிரி, அதுல இருந்து ஒவ்வொரு கையா வெளிச்சம். அம்மா கடைசி வரிசைல, வாசல் பக்கத்து நாற்காலியில. பக்கத்துல அவங்களோட பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு பாட்டி. ரெண்டு பேரும் பூசையை விட பேசினதுதான் அதிகம்.

12/ லீவுக்கு இடம் பார்க்குறவங்களுக்கு ஒண்ணு. வீட்டுல வயசானவங்க "எங்கனாலும் சரி"ன்னு சொன்னா, அதோட விடாதீங்க. "வழியில என்ன கஷ்டமா இருக்கும்?"னு கேளுங்க. நீங்க கேட்டா சொல்ல மாட்டாங்கன்னா, மருமகளையோ பேத்தியையோ கேக்கச் சொல்லுங்க. மணப்பாடு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், கடல் அங்கதான் இருக்கும்.