காலி வண்டியின் நடுக்கம்

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் கடையில் விலைபேசி முடித்த தேக்கு அலமாரி தானாக ஊர் போய்ச் சேராது. 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தையும் அதன் நீலவெள்ளைச் சீனத் தரையோடுகளையும் பார்க்க வருகிறவர்கள் பழம்பொருள் கடைகளைக் கடந்துதான் போக வேண்டும். சிலர் வாங்குகிறார்கள். முகவரி எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதன்பிறகு சாக்கு சுற்றிக் கட்டுகிறவர், தூக்கி ஏற்றுகிறவர், வேன் ஓட்டுகிறவர் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வேனை ஓடும் நிலையில் வைத்திருப்பவர் அந்த வரிசையின் கடைசி ஆள். நான் மட்டாஞ்சேரிக்குப் போனது அவரைப் பார்க்க.

பஜார் ரோட்டிலிருந்து பிரியும் சந்தொன்றில் அவர் பட்டறை. முன்பு மலஞ்சரக்கு எனும் மலைவிளைபொருள்களின் கிடங்காக இருந்த கட்டடம். மூட்டை நிறுக்கத் தராசு தொங்கிய உத்தரத்துக் கொக்கியில் இப்போது எஞ்சின் தூக்கும் செயின் பிளாக் தொங்குகிறது. அறுபதைத் தாண்டிய அவரைத் தெருவே ‘ஆசான்’ என்கிறது. கேரளத்துப் பட்டறைகளில் மூத்த மெக்கானிக்குக்குக் கிடைக்கும் பெயர் அது. தாத்தா துறைமுக வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவராம். ஆசானின் தமிழில் மலையாளம் நன்றாகவே ஊறியிருந்தது. உதவிக்கு இருக்கும் இளைஞன் முர்ஷிதாபாத்காரன். ஸ்பேனர் எண்களை மட்டும் மூவரும் ஒரே மொழியில் சொன்னோம்.

வந்து நின்றது பழைய டெம்போ டிராவலர். மெர்சிடிஸ் பென்ஸின் டி1 வேனை அடியொற்றிப் பஜாஜ் டெம்போ 1987-இல் கொண்டுவந்த வண்டி அது. 2005-இல் கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கோயில் யாத்திரை, கல்யாணம், காலேஜ் டூர் என்று தென்னிந்தியாவில் அதில் ஏறாதவர் குறைவு. இந்த வண்டி ஆள் ஏற்றி ஓய்ந்து, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, மரச்சாமான் ஏற்றப் போய்விட்டது. எஞ்சின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால். இடையில் இரண்டு துண்டாக நீளும் புரொப்பல்லர் ஷாஃப்ட். துண்டுகள் சேருமிடத்தில் ரப்பரில் தொங்கும் சென்டர் பேரிங். வளைய வேண்டிய இடங்களில் நாலு காலுள்ள கிராஸ்.

வண்டி நடுங்குகிறது என்பது புகார். ஆசான் அடியில் குனியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு டிரைவரை உட்காரவைத்தார்.

“எத்தனையில வருது?”

“அம்பதுல தொடங்கும் ஆசானே. அறுபதுல நல்லா வரும். எழுபதுல குறையும்.”

“ஸ்டியரிங்கிலயா, சீட்டுலயா?”

“சீட்டுல. காலுக்கடியிலயும்.”

“பாலம் ஏறும்போதா, இறங்கும்போதா?”

டிரைவர் யோசித்தார். ஏறும்போது என்றார்.

“சரக்கோடயா, காலியாவா?”

“காலியா திரும்பும்போதுதான் ஜாஸ்தி.”

அதற்குள் பணம் நிறையச் செலவாகியிருந்தது. வேறொரு பட்டறையில் டயர்களை பேலன்ஸ் பண்ணி, கிராஸ்களை மாற்றி, சென்டர் பேரிங்கையும் மாற்றியிருந்தார்கள். நடுக்கம் குறையாதது மட்டுமல்ல, கிராஸ் மாற்றியபிறகு கூடியும்விட்டது. ஆசான் இந்தக் கடைசி விஷயத்தை டிரைவரை இரண்டாம் முறை சொல்லவைத்தார்.

மட்டாஞ்சேரித் தெருக்களில் அறுபதில் ஓட்டிப்பார்க்க முடியாது. தோப்பும்படி வழியாக வெல்லிங்டன் தீவுக்குப் போய் அங்கிருந்து குண்டன்னூர் சாலையைப் பிடித்தோம். துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய தீவு. சாலை நேராக இருக்கிறது, ஆசானுக்கு வேண்டியது அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரைத்தகட்டில் வைத்துக்கொண்டார். அறுபதில் ஒருமுறை டாப் கியர், அதே அறுபதில் ஒரு கியர் குறைத்து, பிறகு நியூட்ரலில் உருளவிட்டு என்று ஓட்டச் சொன்னார். கியர் மாறினால் எஞ்சின் சுற்றும் வேகம் மாறும், நடுக்கம் மாறவில்லை. ஆகவே எஞ்சினும் கிளட்ச்சும் கணக்கில் இல்லை. மிச்சமிருப்பது டயரா, ஷாஃப்ட்டா? அதைக் கால் சொல்லிவிடுமாம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இந்த அளவு டயர் விநாடிக்கு ஏழெட்டுச் சுற்றுதான் சுற்றும். அதன் குறை குலுக்கலாக, எண்ணிவிடலாம் என்று தோன்றும் கதியில் வரும். டிஃபரென்ஷியலுக்கு முன்னால் இருக்கும் ஷாஃப்ட் அதைப்போல சுமார் நான்கு மடங்கு சுற்றும். அதன் குறை ரீங்காரமாகத்தான் வரும், எண்ண முடியாது. “டயர் ஆட்டும், ஷாஃப்ட் உறுமும்” என்றார் ஆசான். என் காலிலும் உறுமல்தான் ஏறியது.

இந்த ஷாஃப்ட் ஏன் உறுமுகிறது என்பதற்கு ஜூ டவுன் கடைகளிலேயே ஒரு மாதிரி கிடைக்கிறது. கப்பல் திசைகாட்டி என்று விற்கும் பித்தளைச் சாமான். அதில் பாதி புதிதாகச் செய்து அழுக்கேற்றியது, அது கிடக்கட்டும். பெட்டியை எப்படிச் சாய்த்தாலும் உள்ளே முகப்பு மட்டமாகவே நிற்கும். ஒன்றுக்குள் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமான அச்சுகளில் திரும்பும் வளையங்கள் அதைத் தாங்குகின்றன. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் ஜிரோலாமோ கார்டானோ இந்த அமைப்பைப் பற்றி எழுதியதால் கார்டன் ஷாஃப்ட் என்ற பெயர் வந்தது. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது இருந்தது. அதே குறுக்கு அச்சுகளைக் கொண்டு சாய்ந்த தண்டுக்குச் சுழற்சியைக் கடத்தலாம் என்பதை ராபர்ட் ஹூக் 1676-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தண்டு சீராகச் சுற்றினாலும், சாய்வில் இருக்கும் அடுத்த தண்டு சீராகச் சுற்றாது. சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். சாய்வு பத்துப் பாகை என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். இருபது பாகையில் ஆறு சதவீதம். அதனால்தான் மறுமுனையில் இன்னொரு கிராஸ். முதலாவது தள்ளும்போது இரண்டாவது இழுத்துச் சமன்செய்யும். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடும் கணக்கு இது. தாளம் தப்பினால் உலக்கைகள் மோதும். தாளம் தப்பாமலிருக்க, ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் யோக்குகளின் காதுகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், இருபுறச் சாய்வும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தியபிறகுதான் ஆசான் வண்டிக்கு அடியில் போனார். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பவனை அவர் பட்டறையில் வைத்துக்கொள்வதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். புதுக் கிராஸ்கள் பளபளத்தன, சென்டர் பேரிங் ரப்பர் கெட்டியாக இருந்தது. ஒரு நேரான கம்பியைப் பின்துண்டின் ஒரு முனை யோக்கில் பொருத்திப் பிடித்து, மறுமுனையைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சொன்னபிறகு எனக்கும் தெரிந்தது: இரு முனைக் காதுகளும் ஒரே கோட்டில் இல்லை.

ஷாஃப்ட் நீண்டு குறுக வேண்டுமென்பதற்காகப் பல் வெட்டிய ஸ்லிப் ஜாயின்ட் ஒன்று உண்டு. கிராஸ் மாற்றக் கழற்றியவர் திரும்பச் செருகும்போது பல் தள்ளிச் செருகியிருக்கிறார். ஆசான் கிரீஸை மண்ணெண்ணெயில் துடைத்ததும் இரண்டு பக்கமும் பஞ்ச் அடித்த பழைய புள்ளிகள் தெரிந்தன. முன்பு எவரோ அக்கறையாக அடித்துவைத்தவை. கழற்றியவர் துடைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

புள்ளிக்குப் புள்ளி சேர்ப்பதோடு ஆசான் நிறுத்தவில்லை. கிராஸ்களையும் திறந்து பார்த்துவிடலாம் என்றார். முர்ஷிதாபாத் இளைஞனின் கைவேலையை நான் அதிக நேரம் பார்த்தது அப்போதுதான். சுத்தியலால் அடித்துக் கழற்றுவது ஊர் வழக்கம். அவன் வைஸில் பெரிய சாக்கெட் ஒருபுறம், சிறியது மறுபுறம் வைத்து அழுத்தி கப்பை வெளியே எடுத்தான். கப்புக்குள் சுவரோரம் நெருக்கமாக நிற்கும் ஊசிகள். அவற்றை நிறுத்திவைப்பது கிரீஸ் மட்டுமே. செருகும்போது ஓர் ஊசி சாய்ந்து அடியில் படுத்துவிட்டால் கப் முழுதாக இறங்காது, லாக் பள்ளத்தில் உட்காராது, கிராஸ் மையத்திலிருந்து முடியளவு விலகும். அந்த முடியளவே அறுபதில் உறுமப் போதும். அவன் சுண்டுவிரலால் ஊசிகளைத் தடவித் தடவி நிறுத்தினான். கப் இறங்கியதும் கிராஸை ஒரு விரலால் ஆட்டிப்பார்த்தான். இறுக்கமும் கூடாது, ஆட்டமும் கூடாது.

மூலையில் கழற்றிப் போட்ட பழைய கிராஸ்கள் குவிந்திருந்தன. ஒன்றை எடுத்துக் காட்டினார் ஆசான். அதன் காலில் ஊசி ஊசியாகப் பள்ளக்கோடுகள், ஓரத்தில் செம்பொடி. மேற்குக் கொச்சியில் வேலியேற்றத்தின்போது, அதாவது கடல் ஏறும் வேளையில், உப்புத்தண்ணீர் தெருவுக்கே வந்துவிடும். அதில் ஓட்டிய வண்டியில் சீல் தாண்டி உப்பு ஏறினால் கிரீஸ் போய் இந்தச் செம்பொடி கிளம்பும். “செம்பொடி கண்டா கை வச்சுப் பாக்கவே வேண்டாம்” என்றார். பள்ளக்கோடுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். ஷாஃப்ட் துளிக்கூடச் சாயாமல் நேராக நின்றால் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் குத்தி நிற்கும். சாய்வு கூடினால் நடுக்கம், சாய்வே இல்லாவிட்டால் தேய்மானம். இடையில் ஒன்றிரண்டு பாகைக்குள் வாழ வேண்டிய சாமான் அது.

மறுபடி குண்டன்னூர் சாலை. முக்கால்வாசி நடுக்கம் போயிருந்தது. டிரைவர் சிரித்தார். ஆசான் சிரிக்கவில்லை, வெறுங்காலில் மெல்லிய உறுமல் இன்னும் இருந்தது.

மிச்சத்துக்கு ஷாஃப்ட்டின் எடைக்கோளாறு காரணமா என்று பார்க்க, பின்முனையில் ஒரு ஹோஸ் கிளிப்பை மாட்டி, அதன் திருகு இருக்கும் பக்கத்தைக் கால்கால் சுற்றாகத் திருப்பி ஓட்டினார்கள். எடைக்கோளாறு என்றால் ஒரு நிலையில் கூடும், ஒரு நிலையில் குறையும். இங்கே எதிலும் பெரிய மாற்றமில்லை. அப்புறம் ஆசான் செய்த சோதனைக்குக் கருவி நாங்கள்தான். பட்டறையில் டீ குடிக்க வந்திருந்த சுமட்டுத் தொழிலாளிகளையும் என்னையும் பின் ஆக்ஸிலுக்கு மேலே தரையில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னார். உறுமல் அடங்கிவிட்டது! எங்களை இறக்கிவிட்டு ஓட்டினால் திரும்ப வந்தது.

கனமான சாமான் ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு லீஃப் போட்டிருந்தார்கள். காலியாக நிற்கும்போது பின்புறம் தூக்கிக்கொண்டு, ஆக்ஸிலும் சற்றே சாய்ந்து நின்றது. இளைஞன் போனில் மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறந்தான். ஆசான் பள்ளிப்பிள்ளையின் பாகைமானியில் நூல்கட்டி நட்டுத் தொங்கவிட்டுத் தானும் அளந்தார். இரண்டு அளவும் அரைப் பாகைதான் வேறுபட்டன. முன் ஜாயின்ட்டின் சாய்வுக்கும் பின் ஜாயின்ட்டின் சாய்வுக்கும் இடையே மூன்று பாகைக்கு மேல் வித்தியாசம் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவில் தகடு வைத்தால் சரியாகும், லேத்தில் வெட்ட வேண்டும்.

மாலையில் முதலாளி வந்தார். ஜூ டவுனில் கடை வைத்திருப்பவர். பில்லைப் பார்த்ததும் முகம் மாறியது.

“ஆசானே, பார்ட்ஸ் ஒண்ணும் மாத்தலையே. பின்ன எதுக்கு இத்தனை?”

“முன்னாடி மாத்தினதுக்கெல்லாம் கொடுத்தீங்கல்ல? இது மாத்தாததுக்கு.”

பேரம் நீண்டது. எனக்கு அதில் வியப்பாக இருந்தது ஒன்றுதான். ஓர் அலமாரியின் மூட்டுப்பொருத்தை வெறும் கண்ணால் பார்த்து இது நூறு வருஷம், இது நேற்றுச் செய்தது என்று சொல்வதில்தான் அந்த மனிதரின் பிழைப்பே இருக்கிறது. பார்ப்பதற்கு விலை உண்டு என்பதை அவருக்கு ஒருவர் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. தன் கடைக்கு வெளியே அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இந்தத் தொழிலில் உதிரிபாகத்துக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை, நிதானத்துக்குத்தான் கேட்கிறார்கள். அதனால்தான் பல பட்டறைகளில் பார்க்கும் முன்பே மாற்றிவிடுகிறார்கள். பழியை மெக்கானிக் மேல் மட்டும் போட எனக்கு மனமில்லை.

கடைசியில் ஆசான் கொஞ்சம் குறைத்துக்கொண்டார், முதலாளி மிச்சத்தைக் கொடுத்தார். ஆப்புத் தகடு அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாகிவிட்டது. அன்றிரவு வண்டி முழுப் பாரத்தோடு மதுரைக்குப் போக வேண்டியிருந்தது; பாரத்தில்தான் நடுங்காதே. திரும்பி வரும்போது காலியாக வர வேண்டுமே என்று டிரைவர் முனகினார். முதலாளி உடனே போனை எடுத்தார். காரைக்குடியில் இடித்துக்கொண்டிருக்கும் வீட்டுத் தூண்கள் என்ன விலைக்கு வரும், நாளைக்கே ஏற்றித் தர முடியுமா என்று பேச ஆரம்பித்தார்.