பன்னிரண்டே க்ளிக்!

எங்க தாத்தாவோட கேமரா பேட்டரி இல்லாமலே படம் பிடிக்கும். ஆனா, பன்னிரண்டு படம்தான். பதிமூணாவது க்ளிக் வேணும்னா பிலிமை மாத்தணும். ஒரு ரோல் வாங்குற காசுல ரெண்டு பேர் பிரியாணி சாப்பிடலாம். 'இதை வெச்சுட்டு என்னடா பண்ணப் போறே?'னு கேட்காத ஃப்ரெண்டே கிடையாது.

போன மாசம் எனக்கே அந்தச் சந்தேகம் வந்துடுச்சு. ஒரு காபி ஷாப்காரர், ஷோகேஸில் அழகுக்கு வைக்க இதை விலைக்குக் கேட்டார். நல்ல விலை. கொடுத்துடலாம்னே முடிவு பண்ணிட்டேன்.

தாத்தா கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வெச்சிருந்தார். அப்போ ஊர் தென்னாற்காடு மாவட்டம். தனி மாவட்டம் ஆனதெல்லாம் 2019-லதான். அவர் கேமரா, யாஷிகா மேட் 124ஜி. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ரெண்டு லென்ஸ். மேலே இருக்கிறது நாம பார்க்க, கீழே இருக்கிறது பிலிமுக்கு. வயித்துக்கு நேரா பிடிச்சு, தலையைக் குனிஞ்சு எட்டிப் பார்க்கணும். இடது வலதா தெரியும், வலது இடதா தெரியும். என் முதல் ரோலில் பாதி பேருக்குத் தலை பாதிதான்!

இதைத்தான் 'மீடியம் ஃபார்மட்'ங்கிறாங்க. நெகட்டிவ் நீள அகலம் 56 மில்லிமீட்டர். சாதாரண பிலிம் ரோலில் 36-க்கு 24தான். கணக்குப் போட்டா மூணரை மடங்கு பெருசு. அதனால நல்லா பெருசாக்கினாலும் முகம் சீக்கிரம் உடையாது.

இந்த சைஸ் கேமரா பண்ணின சின்ன கம்பெனிகள் கதையைத் தேடிப் படிச்சா, ஒரே ஒப்பாரி. ப்ரோனிகாவை 1998-ல் டாம்ரான் வாங்கியது. கொஞ்ச வருஷத்திலேயே கடையைக் கட்டியது. மாமியா 2006-ல் கேமரா தொழிலையே வித்துட்டது. இன்னிக்கு புதுசா டிஜிட்டலில் வாங்கணும்னா ஃபுஜி, ஹாசல்ப்ளாட்னு விரல்விட்டு எண்ணிடலாம். நம்ம ஊட்டியில 'இந்து' பிலிம் தயாரிச்ச ஹிந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸும் மூடியாச்சு.

யாஷிகாவை 1983-ல் க்யோசெரா வாங்கியது. அதே க்யோசெரா 1999-ல் கான்டாக்ஸ் 645-னு ஒரு அட்டகாசமான மீடியம் ஃபார்மட்டைக் கொண்டுவந்தது. 2005-ல் கேமராவுக்கே குட்பை சொல்லிடுச்சு. கான்டாக்ஸுக்கு உள்ளே எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ். சர்க்யூட் போச்சுன்னா ஸ்பேர் தேடி அலையணும். தாத்தாவோட யாஷிகாவில் ஷட்டர் ஓடுறது பல்சக்கரத்திலயும் ஸ்பிரிங்கிலயும்தான்.

விக்கிறதுக்கு முன்னாடி ஓடுதான்னு பார்க்க, சென்னையில ஒரு பழைய மெக்கானிக்கிட்ட கொண்டுபோனேன். ஷட்டர் பிசுபிசுத்துப் போயிருந்தது. கழட்டிக் கழுவினார். தேஞ்சுபோன ஒரு சக்கரத்துக்குப் பதிலா, செத்துப்போன இன்னொரு யாஷிகாவிலிருந்து எடுத்து மாட்டினார். "கம்பெனிதான் போச்சு தம்பி, கேமரா போகலை" என்றார்.

சரி, கடைசியா ஒரு ரோல்னு கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினேன். வெள்ளிமலையில ஒரு வயசான ஆயா கேமராவையே உத்துப் பார்த்தாங்க.

"இந்தப் பொட்டி கள்ளக்குறிச்சி ஸ்டுடியோக்காரருதாச்சே?"

தூக்கிவாரிப் போட்டது. பேரன்னு சொன்னதும் வீட்டுக்குள்ளே கூட்டிப் போனாங்க. சுவரில் மாலை போட்ட ஒரு படம். அவங்க வீட்டுக்காரர்.

"இது நாங்க ரெண்டு பேரும் சேந்து எடுத்த படம் சாமி. சின்ன படம் மழையில நனைஞ்சு வீணாப் போச்சு. அவரு போனப்புறம் அவர மட்டும் பெருசு பண்ணிக் குடுத்தாரு உங்க தாத்தா."

ஃப்ரேமைத் திருப்பினேன். பின்னாடி ஸ்டுடியோ சீல், பேனாவில் எழுதின ஒரு நம்பர். அதை செல்போனில் படம் பிடிச்சுக்கிட்டேன்.

வீட்டில் பரண் மேலே தாத்தாவின் ட்ரங்க் பெட்டிகள். ரெண்டு ராத்திரி தூசியில தும்மித் தும்மித் தேடினதில், அந்த நம்பர் போட்ட கவர் கிடைச்சது. விளக்கில் பிடிச்சுப் பார்த்தேன். அவர் பக்கத்தில் ஆயா! இருபத்தஞ்சு வயசு இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை வேற. நெகட்டிவ் பெருசு. அதான் தாத்தாவால அவரை மட்டும் தனியா எடுத்து பெருசாக்க முடிஞ்சிருக்கு. மிச்சம் எல்லாம் கவருக்குள்ளேயே பத்திரமா இருந்திருக்கு.

முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு மறுபடி மலையேறினேன். ஆயா ரொம்ப நேரம் பேசலை. அவர் முகத்தைத் தொடலை, தன் முகத்தைத்தான் தொட்டுப் பார்த்தாங்க.

"என்னைய ஒண்ணு எடு சாமி" என்றார்கள். கேமராவை வயித்துக்கு நேரா வெச்சுக் குனிஞ்சேன். "உங்க தாத்தாவும் இப்படித்தான், கும்புடுற மாதிரி நின்னாரு!" என்று சிரிச்சாங்க. அதைத்தான் க்ளிக் பண்ணினேன்.

சின்ன கம்பெனி கேமரா வாங்கலாமான்னு இப்போ யாராவது கேட்டா, நான் மெகாபிக்ஸல் பேசுறதில்லை. கம்பெனி போன பிறகும் யாராவது கழட்டிச் சரி பண்ண முடியுமா? அதுக்குப் போடுற பிலிம் வேற கம்பெனிகிட்டயும் கிடைக்குமா? இந்த ரெண்டுதான் கேள்வி. இந்த யாஷிகாவுக்குன்னு தனி பிலிம் தேவையில்லை. 1901-ல் கோடாக் கொண்டுவந்த அதே 120 ரோல்தான் இதுக்கும். இங்கிலாந்து இல்ஃபோர்டும் அதே சைஸில் தர்றாங்க.

காபி ஷாப்காரருக்கு போன் பண்ணி ஸாரி சொல்லிட்டேன். ரோலில் இன்னும் நாலு படம் பாக்கி இருக்கு பாஸ்!