பிள்ளை சாட்சி இல்லை

மகளின் விவாகரத்தைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக யோசனை. போன மாதம் அவளே, "எழுதுங்கப்பா, யாருக்காவது உதவும். பேரு மட்டும் போட வேணாம்" என்று சொல்லிவிட்டாள். இதே நிலைமையில் இருக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்டது சட்டம், செலவு, நகை. பிள்ளையைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2018 ஜூன் மாதம், நான்கு வயதுப் பையனையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு மகள் கோயம்புத்தூரிலிருந்து சமயநல்லூர் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு வேறொரு பெண்ணோடு இரண்டு வருடமாகத் தொடர்பு. கேட்டபோது மறைக்கவில்லை, ஒப்புக்கொண்டார். குடி கிடையாது. கை நீட்டியதில்லை. பிள்ளை என்றால் உயிர். சிக்கலே அதுதான். கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடிந்தால் எங்களுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

சோழவந்தானிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். பிள்ளை மொகத்தப் பாத்துப் பொறுத்துக்க ஆத்தா" என்றார் என் அக்கா. கண்ணகி பொறுத்திருக்கவில்லையா, கோவலன் திரும்பி வரவில்லையா என்றும் கேட்டார். மதுரைப் பக்கத்தில் கண்ணகியை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது. மகள் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கண்ணகிக்குப் பிள்ளை இல்ல அத்தை. மாதவிக்குத்தான் மணிமேகலை இருந்தா. எனக்கு இவன் இருக்கான். நான் தெனம் அழுகுறத இவன் பாத்துக்கிட்டு இருக்கான்." அதற்குப் பிறகு அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் சின்ன வயதில், இந்தப் பக்கத்துச் சில சாதிகளில் பஞ்சாயத்தைக் கூட்டித் துரும்பைக் கிள்ளிப் போட்டால் கல்யாணம் தீர்ந்தது. பரம்பரையாக அந்த வழக்கம் இருப்பவர்களுக்கு 1955-ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டமும் இடம் வைத்திருக்கிறது. எங்கள் சொந்தத்தில் அந்த வழக்கம் இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கல்யாணம் நடந்தது வேறு ஊரில் என்றாலும், மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்று 2003-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதனால் மதுரை குடும்ப நீதிமன்றமே போதும் என்றானது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோயம்புத்தூர் அலைய வேண்டியதில்லை.

நாங்கள் வக்கீலைத் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான், 2018 செப்டம்பர் 27-ஆம் தேதி, 497-ஆவது பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டீக்கடையில் ஒருவர், "இனிமே அது தப்பே இல்லையாம்ல. உங்க கேஸு நிக்காதுண்ணே" என்றார். இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஜெயில் தண்டனைதான் போனது. விவாகரத்துக்கான காரணமாக அது 13-ஆவது பிரிவில் அப்படியே இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பழைய சட்டத்தில், தன் மனைவியோடு தொடர்பு வைத்த ஆணின் மேல் கணவன்தான் புகார் கொடுக்கலாம். துரோகம் செய்த கணவன் மேல் மனைவி புகார் கொடுக்க வழியே கிடையாது. ஆக, அது இருந்தபோதும் என் மகளுக்கு உபயோகமில்லை, போனதிலும் நஷ்டமில்லை.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் அம்மா அனுபவசாலி. முதல் நாளே சொன்னார். "சார், இதுல ரெண்டு விஷயம் இருக்கு. புருஷன் பொண்டாட்டி விவகாரம் ஒண்ணு, பிள்ளை விவகாரம் ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க." மின்வாரியத்தில் 33 வருடம் வேலை பார்த்தவனுக்கு இது உடனே புரிந்தது. பழுது எந்த லைனில் என்று தெரிய வேண்டுமானால், முதலில் லைன்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.

5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் குழந்தையின் நலன்தான் கணக்கு. கணவனாகத் தவறியவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பார்க்கும் உரிமையைக் கோர்ட் பறித்துவிடாது. அதேபோல அம்மா தனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், பிள்ளைக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்க அவளுக்கும் உரிமையில்லை. "நீ பணம் தர வேணாம், பிள்ளையப் பாக்க வராத" என்று பேரம் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது எந்த வழி என்ற கேள்வி. துரோகத்தை நிரூபித்து விவாகரத்து வாங்குவதென்றால் போன் பதிவு, போட்டோ, சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருடக்கணக்கில் இழுக்கும். ஊர் அறிய மகள் ஜெயிப்பாள். அதற்குள் பையன் அந்தக் காகிதங்களை எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதுக்கு வந்துவிடுவான். பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்திருந்துவிட்டு மனு, பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. பொருத்தமான வழக்குகளில் அந்த ஆறு மாதத்தையும் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மகள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தாள். "அவரு தப்பு செஞ்சாருன்னு ஜட்ஜ் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள். 2019 ஆகஸ்டில் மனு, 2020 பிப்ரவரியில் தீர்ப்பு. பிள்ளை அம்மாவிடம், மாதம் இரண்டு சனிக்கிழமை அப்பாவிடம், படிப்புச் செலவு அப்பாவுக்கு.

இடையில் ஒரு உறவினர் எனக்கு யோசனை சொன்னார். பையனை அடித்தார் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சந்திப்பே இல்லாமல் பண்ணிவிடலாமாம். மகளிடம் சொன்னேன். "பொய்யின்னு பையனுக்குத் தெரியுமேப்பா" என்றாள். அவ்வளவுதான்.

கோர்ட்டில் நடந்ததைவிட வீட்டில் நடந்ததுதான் கஷ்டம். முதல் சில சந்திப்புகளுக்குப் பிறகு ஒருநாள் பையன் குஷியாக ஓடி வந்து, "அம்மா, அப்பா வீட்டுல ஒரு ஆன்ட்டி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டு, அவள் முகத்தையே பார்த்தான். ஐந்து வயசுப் பிள்ளை! எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அதற்குள் அளக்கத் தொடங்கிவிட்டான். எனக்கு அடிவயிறு கலங்கியது. மகள் காய் நறுக்கிக்கொண்டே, "ஆன்ட்டி என்ன சமைச்சாங்க?" என்றாள். "சேமியா பாயாசம்மா!" அன்றிலிருந்து அவன் எதையும் பாதியில் நிறுத்தவில்லை. அன்று இரவு மகள் சாப்பிடவில்லை. அது பையனுக்குத் தெரியாது.

வீட்டில் ஒரே ஒரு விதிதான் வைத்தோம். அவன் காதுபட அவன் அப்பாவைப் பற்றி யாரும், அம்மாச்சி உட்பட, பேசக் கூடாது. அங்கே என்ன நடக்கிறது என்று அவனிடம் துருவக் கூடாது. "அப்பா ஏன் நம்ம கூட இல்ல?" என்று கேட்டால், "அம்மாவும் அப்பாவும் சேர்ந்து இருக்க முடியல. ரெண்டு பேரும் உனக்கு இருக்கோம்" என்று அவன் அம்மா மட்டும் பதில் சொல்வாள்.

2023 பிப்ரவரியில் பேப்பரில் ஒரு தீர்ப்பைப் படித்தேன். பூனாவில் ஒரு கணவர், மனைவி மேல் சந்தேகப்பட்டு விவாகரத்து கேட்டவர், இரண்டாவது பிள்ளைக்கு டி.என்.ஏ. பரிசோதனை வேண்டுமென்றார். கீழ்க் கோர்ட்டும் மும்பை உயர் நீதிமன்றமும் சம்மதித்துவிட்டன. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ராமசுப்பிரமணியனும் நாகரத்னாவும் அதை ரத்து செய்தார்கள். மனைவியின் நடத்தையை நிரூபிக்க வேண்டுமானால் வேறு சாட்சியம் கொண்டு வரட்டும், அதற்குப் பிள்ளையைக் கருவியாக்கக் கூடாது என்பதுதான் சாரம். எங்கள் வீட்டில் தவறியது கணவர், அங்கே குற்றம் சாட்டப்பட்டது மனைவி. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். மகளிடம் பேப்பரைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கத்தரித்து வைத்துக்கொண்டாள்.

பையனுக்கு இப்போது 11 வயது, ஆறாம் வகுப்பு. அவன் அப்பா அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். சனிக்கிழமை போகிறான், வருகிறான். பெரிய கேள்விகள் இனிமேல்தான் வரும். ஒருநாள் எல்லாவற்றையும் கேட்பான். அன்றைக்கு அவன் அம்மாவும் அப்பாவும்தான் பதில் சொல்ல வேண்டும். அது தாத்தா வேலை இல்லை.